நெட் அறுந்தாலும் விண்டோ சாகாது: டிமக்ஸில் பல வேலைகளை ஒரே டெர்மினலில் நடத்தும் முறை

பெங்களூரில் சர்வர் வேலை பார்ப்பவருக்கு இணைப்பு அறுவது அன்றாடம். ஒயிட்ஃபீல்டிலிருந்து வரும் பர்ப்பிள் லைன் மெட்ரோ, எம்ஜி ரோடு தாண்டிச் சுரங்கத்துக்குள் இறங்கும்போது மொபைல் ஹாட்ஸ்பாட் கைவிடும். சாயங்கால மழைக்குக் கரண்ட் போனால் வீட்டு ரவுட்டரும் சேர்ந்து அணையும். வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் பஸ் ஏறி மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ புறப்பட்டவர் தொப்பூர் கணவாய்க்குள் லேப்டாப்பைத் திறந்தால் சிக்னல் இருக்கும் என்று நம்ப முடியாது. போதாததற்கு ஆஃபீஸ் விபிஎன் தன் நேரம் முடிந்ததும் ஆளை வெளியே தள்ளிவிடும். அந்த நொடியில், லேப்டாப்பில் வரிசையாகத் திறந்து வைத்த டெர்மினல் விண்டோக்கள் எல்லாம் ஒன்றாக உறையும். உள்ளே ஓடிய பில்டும் டேட்டாபேஸ் மைக்ரேஷனும் பாதியில் நிற்கும்.

ஏன் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் தீர்வு தானாகப் புரியும். லேப்டாப்பிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் இணைப்பு செத்துவிட்டது என்று சர்வர் உணர்ந்ததும், அந்த இணைப்புக்காகத் திறந்த போலி டெர்மினலை மூடுகிறது. அப்போது அதில் ஓடும் நிரல்களுக்கு லினக்ஸ் கெர்னல் 'ஹேங்கப்' என்ற சிக்னலை அனுப்புகிறது. பெரும்பாலான நிரல்கள் அதை வாங்கியதும் முடிந்துவிடும். டிமக்ஸ் என்ற நிரல் இடையில் நின்று இதைத் தடுக்கிறது. உங்கள் நிரல்கள் ஓடும் போலி டெர்மினல்களை, சர்வரிலேயே பின்னணியில் ஓடும் டிமக்ஸ் தன் கையில் வைத்துக்கொள்கிறது. லேப்டாப்பில் தெரிவது அதன் பிம்பம் மட்டும். எஸ்எஸ்எச் அறுந்தால் பிம்பம் போகும், வேலை ஓடிக்கொண்டே இருக்கும்.

1987இலேயே வந்த ஸ்க்ரீன் என்ற நிரலும் இதே வேலையைச் செய்யும். பழைய சர்வர்களில் இன்றும் அதுதான் இருக்கும். 2007இல் நிக்கோலஸ் மேரியட் வெளியிட்ட டிமக்ஸில் விண்டோக்களைப் பிரிப்பதும், கட்டளை வரியிலிருந்தே எல்லாவற்றையும் இயக்குவதும் எளிது. புதிதாகப் பழகுகிறவர் நேராக டிமக்ஸுக்கே வரலாம்.

படிப்பதற்கு முன்

கட்டளைகள் இங்கே ஒலிப்படி தமிழில் இருக்கின்றன. தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டவும். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் 'பெரிய' என்று சொல்லியிருக்கிறது. தமிழில் ஒரே மாதிரி ஒலிக்கும் எழுத்துகள் குழப்பும் என்பதால், எந்தச் சொல்லின் முதலெழுத்து என்பதையும் தேவையான இடங்களில் சேர்த்திருக்கிறது. மனதில் நிற்பதற்கும் அது உதவும்.

டிமக்ஸின் எல்லா விசைகளுக்கும் முன்னால் ஒரு முன்விசை அழுத்த வேண்டும். நிறுவியதும் இருப்பது கண்ட்ரோலும், ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தும். அதை அழுத்திக் கையை எடுத்துவிட்டு, அடுத்த விசையைத் தனியாக அழுத்த வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் புதியவர்களின் முதல் தடங்கல்.

முதல் செஷன்

உபுண்டு, டெபியனில் 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் டிமக்ஸ்'. ரெட் ஹேட் குடும்பத்தில் ஏபிடிக்குப் பதில் டிஎன்எஃப். நிறுவ வேண்டியது வேலை ஓடும் சர்வரில். இடையில் ஒரு பாஸ்டியன் சர்வர் வழியாகப் போகிறீர்கள் என்றால் அதில் நிறுவிப் பயனில்லை: பாஸ்டியனுக்கும் கடைசி சர்வருக்கும் நடுவில் உள்ள இணைப்பு அறுந்தால் மறுபடியும் ஹேங்கப்தான். வேலை எங்கே ஓடுகிறதோ அங்கேதான் டிமக்ஸ் இருக்க வேண்டும். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே பாதி ஜெயம்.

சர்வருக்குள் நுழைந்ததும் தட்ட வேண்டியது:

டிமக்ஸ் நியூ -ஏ -எஸ் பில்லிங்

இங்கே ஏ பெரிய எழுத்து, எஸ் சிறியது. 'பில்லிங்' என்ற பெயரில் செஷன் (விண்டோக்களின் தொகுப்பு) ஏற்கெனவே இருந்தால் அதற்குள் போகும், இல்லாவிட்டால் புதிதாக உண்டாக்கும். வெறும் 'டிமக்ஸ்' என்று தட்டுகிறவர்களின் சர்வரில் நாளடைவில் 0, 1, 2 என்று பெயரில்லாத செஷன்கள் குவிந்துவிடும். எதில் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது, அதனால் யாரும் மூடத் துணிய மாட்டார்கள். முதல் நாளிலிருந்தே பெயர் வையுங்கள். பெயரில் புள்ளியும் முக்காற்புள்ளியும் வேண்டாம். செஷன், விண்டோ, கட்டம் ஆகியவற்றைப் பிரித்துக் காட்ட டிமக்ஸ் அவற்றைப் பயன்படுத்துகிறது.

வெளியே வர: முன்விசை, பிறகு டிடாச்சின் முதலெழுத்து. செஷன் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் வெளியே. 'எக்ஸிட்' என்று தட்டுவதோ, கண்ட்ரோலையும் அதே எழுத்தையும் சேர்த்து அழுத்துவதோ வேறு வேலை; அது அந்த ஷெல்லையே மூடிவிடும். அது கடைசி ஷெல்லாக இருந்தால் செஷனும் போகும். விரல் அடிக்கடி அங்கே போகிறது என்றால், பாஷில் 'இக்னோர்இஓஎஃப்=3' என்று பெரிய எழுத்துகளில் ஒரு வரி சேர்த்தால், தொடர்ந்து மூன்று முறை அழுத்தினாலும் ஷெல் மூடாது.

என்னென்ன செஷன் இருக்கிறது என்று பார்க்க 'டிமக்ஸ் எல்எஸ்'. லேப்டாப்பிலிருந்து ஒரே வரியில் நுழைய, எஸ்எஸ்எச் கட்டளையின் கடைசியில் மேலே சொன்ன நியூ வரியைச் சேர்க்கலாம். ஆனால் எஸ்எஸ்எச்சுக்கு டெர்மினலின் முதலெழுத்தை ஹைஃபனோடு ஒரு தேர்வாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 'நாட் எ டெர்மினல்' என்று டிமக்ஸ் திரும்பி வந்துவிடும்.

தினமும் தட்டுகிறவர்கள் இதை எஸ்எஸ்எச் கான்ஃபிக் ஃபைலிலேயே எழுதி வைப்பார்கள்: 'ரிமோட்கமாண்ட்' வரியில் டிமக்ஸ் கட்டளை, 'ரிக்வெஸ்ட்டிடிஒய் யெஸ்', கூடவே 'சர்வர்அலைவ்இண்டர்வல் 60'. கடைசி வரி 60 வினாடிக்கு ஒருமுறை இணைப்பைத் தட்டிப் பார்ப்பதால், சும்மா இருக்கும் இணைப்பை ரவுட்டர் வெட்டிவிடுவது குறையும். ஒரு எச்சரிக்கை: ரிமோட்கமாண்ட் உள்ள பெயரை வைத்து, ஃபைல் நகர்த்தும் ஆர்சிங்க் செய்தால் பிழை வரும். அதே சர்வருக்கு இரண்டு ஹோஸ்ட் பெயர் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று டிமக்ஸுக்குள் போக, மற்றது ஃபைல் நகர்த்த.

இணைப்பு அறுந்து டெர்மினல் உறைந்து கிடந்தால் விண்டோவை மூடித் திறக்கத் தேவையில்லை. என்டர், அலைக்குறி ~, புள்ளி என்று வரிசையாக அழுத்தினால் எஸ்எஸ்எச் உடனே கைவிடும். மறுபடி நுழைந்து அதே நியூ கட்டளையைத் தட்டினால், விட்ட இடம் அப்படியே இருக்கும்.

விண்டோக்கள்

செஷனுக்குள் விண்டோ என்பது கீழே பச்சைப் பட்டையில் எண்ணோடு தெரியும் ஒவ்வொரு பெயரும். முன்விசைக்குப் பிறகு க்ரியேட்டின் சி அழுத்தினால் புது விண்டோ. நெக்ஸ்ட்டின் முதலெழுத்து அடுத்ததற்கு, ப்ரீவியஸின் முதலெழுத்து முந்தையதற்கு. எண்ணை அழுத்தினால் நேராக அந்த விண்டோவுக்கு. லாஸ்ட்டின் எல், கடைசியாக இருந்த விண்டோவுக்குத் திரும்பும். எடிட்டருக்கும் லாகுக்கும் நடுவில் மாறி மாறிப் போகிறவருக்கு இந்த ஒரு விசை போதும்.

காற்புள்ளி அழுத்தினால் விண்டோவுக்குப் பெயர் வைக்கலாம். டாலர் குறி, செஷனின் பெயரை மாற்றும். பெயர் வைக்காத விண்டோவுக்கு அதில் ஓடும் நிரலின் பெயரையே டிமக்ஸ் எழுதும். ஆறு விண்டோவும் 'பாஷ்' என்று நின்றால் யாருக்கு என்ன பயன்? நீங்களே ஒருமுறை வைத்துவிட்டால் அந்த விண்டோவுக்குத் தானாகப் பெயர் மாற்றுவதை அது நிறுத்திவிடும். 'எடிட்', 'லாக்', 'டேட்டாபேஸ்', 'டெஸ்ட்' போலக் குறுகிய பெயர்கள் போதும். தமிழிலும் பெயர் வைக்கலாம்தான். ஆனால் பல டெர்மினல்கள் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் முதலியவற்றின் அகலத்தைத் தப்பாகக் கணக்கிடுவதால் கீழ்ப்பட்டை சிதறிப்போகும்.

விண்டோக்கள் பத்தைத் தாண்டினால் எண் விசைகள் உதவாது. அப்போது டபிள்யூ. எல்லா செஷன்களும் அவற்றின் விண்டோக்களும் மரம்போல விரியும். அம்புக்குறியால் இறங்கி என்டர் அழுத்தலாம், கீழே அதன் முன்தோற்றமும் தெரியும். செஷன்களை மட்டும் பார்க்க எஸ். ஒரு விண்டோவை மூட & குறி; மூடட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் மூடும்.

கட்டங்கள்

ஒரு விண்டோவையே இரண்டு மூன்றாகப் பிரிக்கலாம். டிமக்ஸ் இதை பேன் என்கிறது, இங்கே கட்டம். முன்விசைக்குப் பின் % அழுத்தினால் இடம் வலமாகப் பிரியும், " அழுத்தினால் மேல் கீழாக. அம்புக்குறிகளால் கட்டம் மாறலாம். ஸ்பேஸ் அழுத்த அழுத்த அடுக்கு முறை மாறிக்கொண்டே வரும். ஆச்சரியக்குறி, கட்டத்தைப் பிய்த்துத் தனி விண்டோவாக்கும்.

இவற்றில் எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது ஜூமின் இசட். நிற்கும் கட்டம் முழுத்திரைக்கு விரியும். மறுபடி அழுத்தினால் பழைய அளவுக்குப் போகும். லேப்டாப்பின் 14 அங்குலத் திரையில் நான்கு கட்டம் வைத்தால் எந்த வரியும் முழுசாகத் தெரியாது, லாக் வரிகள் உடைந்து உடைந்து விழும். ஆகவே ஒரு விண்டோவுக்கு இரண்டு கட்டம், மிஞ்சினால் மூன்று. ஒன்றைப் பார்த்துக்கொண்டே மற்றதில் தட்ட வேண்டிய வேலைக்கு மட்டும் கட்டம். மற்ற எல்லாவற்றுக்கும் தனி விண்டோ.

இரண்டு மானிட்டர், ஒரே செஷன்

ஆஃபீஸில் பெரிய மானிட்டர் ஒன்றும் லேப்டாப் திரை ஒன்றும் இருக்கும். இரண்டு டெர்மினலைத் திறந்து இரண்டிலும் ஒரே செஷனுக்குள் போனால் இரண்டும் ஒன்றையே காட்டும். இங்கே விண்டோ மாற்றினால் அங்கேயும் மாறும். கூட இருப்பவரோடு சேர்ந்து பிழை தேட அது நல்லது. ஒற்றை ஆள் வேலைக்குத் தொல்லை.

இதற்குத் தீர்வு குழுச் செஷன். பலருக்குத் தெரியாத வசதி, ஆனால் கற்றுக்கொண்டால் விட முடியாதது. இரண்டாவது டெர்மினலில் இப்படித் தட்டவும்:

டிமக்ஸ் நியூ -டி பில்லிங் -எஸ் பில்லிங்2

இங்கே -டி என்பது டார்கெட்டின் முதலெழுத்து. இப்போது 'பில்லிங்2' என்று ஒரு செஷன் பிறக்கும். அதன் விண்டோக்கள் புதியவை அல்ல, 'பில்லிங்'கின் அதே விண்டோக்கள். ஆனால் எதைப் பார்ப்பது என்பது இரண்டுக்கும் தனித்தனி. பெரிய மானிட்டரில் 'லாக்' ஓடிக்கொண்டிருக்க, லேப்டாப்பில் 'எடிட்'. ஒரு பக்கம் புது விண்டோ திறந்தால் மறுபக்கப் பட்டையிலும் அது வந்துவிடும்.

சாயங்காலம் கிளம்பும்போது 'டிமக்ஸ் கில்-செஷன் -டி பில்லிங்2' என்று அதை மட்டும் கொன்றுவிடலாம். விண்டோக்களுக்கு ஒன்றும் ஆகாது, அவற்றைப் 'பில்லிங்' பிடித்துக்கொண்டிருக்கும். குழுவின் கடைசிச் செஷனைக் கொன்றால்தான் உள்ளே ஓடும் வேலை போகும். ஆகவே கொல்வதற்கு முன் 'டிமக்ஸ் எல்எஸ்' பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். அதில் குழுவில் உள்ள செஷன்களுக்குப் பக்கத்தில் 'க்ரூப்' என்று எழுதியிருக்கும். 'கில்-சர்வர்' என்ற கட்டளை அந்த டிமக்ஸ் சர்வரில் உள்ள உங்கள் செஷன் அத்தனையையும் ஒரேயடியாகத் துடைத்துவிடும். அதைப் பழக வேண்டாம்.

சக ஊழியருக்குக் காட்ட மட்டும் வேண்டும், அவர் எதையும் தட்டிவிடக் கூடாது என்றால் அட்டாச் கட்டளையோடு -ஆர் சேர்த்து வரச் சொல்லுங்கள். பார்க்கலாம், தொட முடியாது. இரண்டு பேரும் ஒரே யூசராக சர்வரில் இருந்தால்தான் இது நேராக நடக்கும். வேறு யூசர் என்றால், ஒருவரின் டிமக்ஸ் சாக்கெட்டை (டிமக்ஸோடு பேசும் வழியான ஃபைல்) மற்றவர் திறக்க அனுமதி இராது.

அமைப்பு ஃபைல்

ஹோம் டைரக்டரியில் .டிமக்ஸ்.கான்ஃப் என்ற ஃபைல். தொடங்குகிறவருக்கு இவ்வளவு போதும்:

செட் -ஜி ப்ரீஃபிக்ஸ் சி-ஏ
பைண்ட் சி-ஏ செண்ட்-ப்ரீஃபிக்ஸ்
செட் -ஜி பேஸ்-இண்டெக்ஸ் 1
செட் -ஜி ரீநம்பர்-விண்டோஸ் ஆன்
செட் -ஜி ஹிஸ்டரி-லிமிட் 50000
செட் -ஜி மவுஸ் ஆன்
செட் -எஸ் எஸ்கேப்-டைம் 10

சி-ஏ என்பதில் சி பெரிய எழுத்து, கண்ட்ரோலைக் குறிக்கிறது. முன்விசையைக் கண்ட்ரோல்-ஏ ஆக்கினால் இடது கை ஒன்றே போதும். ஆனால் ஷெல்லில் வரியின் தொடக்கத்துக்குப் போக அதே விசைதான் இருக்கிறது. இரண்டாம் வரி அதற்குத்தான்: இரண்டு முறை அழுத்தினால் ஒன்று ஷெல்லுக்குப் போய்ச் சேரும். மூன்றாம் வரி விண்டோ எண்ணை 0க்குப் பதில் 1இலிருந்து தொடங்க வைக்கும். 0 விசை கீபோர்டின் வலது கோடியில் இருப்பதால் இது கைக்கு இதம். நான்காம் வரி, நடுவில் ஒரு விண்டோ மூடினால் மற்றவற்றின் எண்ணை இடைவெளி இல்லாமல் சீராக்கும்.

பின்னோக்கிப் பார்க்கும் வரிகளின் எல்லை சாதாரணமாக 2000. ஒரு ஜாவா பில்ட் இதை நொடியில் விழுங்கிவிடும். ஏற்றிய எல்லை அதற்குப் பிறகு திறக்கும் கட்டங்களுக்குத்தான் பொருந்தும். பழைய கட்டத்தில் போன வரி போனதுதான். ஒவ்வொரு கட்டத்தின் வரிகளும் சர்வரின் நினைவகத்தில் இருப்பதால், பலர் பகிரும் சர்வரில் இதை லட்சங்களுக்கு ஏற்றுவது அடுத்தவருக்குச் செய்யும் கெடுதல்.

எஸ்கேப்-டைம் வரி விம் எடிட்டருக்காக. பழைய டிமக்ஸ் எஸ்கேப் விசைக்குப் பிறகு 500 மில்லிவினாடி காத்திருக்கும். அதனால் விம்மில் முறை மாறுவது மந்தமாகத் தெரியும்.

ஃபைலை மாற்றிவிட்டுப் புதுச் செஷன் திறந்தாலும் மாற்றம் வராது. டிமக்ஸ் அதைத் தன் சர்வர் தொடங்கும்போது மட்டும் படிக்கிறது. முன்விசை, முக்காற்புள்ளி அழுத்தி, 'சோர்ஸ்-ஃபைல் ~/.டிமக்ஸ்.கான்ஃப்' என்று தட்டினால் உடனே ஏறும்.

மவுஸை ஆன் செய்ததும் ஒரு குழப்பம் வரும்: மவுஸால் தேர்ந்த எழுத்து வழக்கம்போல லேப்டாப்பில் ஒட்டாது. தேர்வை இப்போது டிமக்ஸ் தன் பஃபரில் வாங்கிக்கொள்கிறது. லினக்ஸ் டெர்மினல்கள் பெரும்பாலானவற்றில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு தேர்ந்தால் பழைய மாதிரி நடக்கும். மேக்கில் ஐடெர்ம்2 என்றால் ஆப்ஷன் விசை.

பின்னோக்கிப் பார்ப்பதும், தமிழ் எழுத்தும்

முன்விசை, பிறகு [ அழுத்தினால் மேலே உருட்டிப் பார்க்கும் நிலை. பேஜ் அப், அம்புக்குறிகள் வேலை செய்யும். வெளியே வர க்யூ. 'கீபோர்டு எதற்கும் அசையவில்லை' என்று சொல்லப்படும் பல நேரம் ஆள் இந்த நிலையில்தான் மாட்டியிருப்பார். வலது மேல் மூலையில் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள் தெரிந்தால் அதுதான். எண்கள் இல்லாமலே உறைந்திருந்தால், கண்ட்ரோல்-எஸ் தவறி அழுத்தப்பட்டிருக்கும். அது டெர்மினலின் வெளியீட்டை நிறுத்தும் பழங்கால விசை. கண்ட்ரோல்-க்யூ அழுத்தினால் விடும்.

முழு வரலாற்றையும் ஃபைலாக எடுக்க:

டிமக்ஸ் கேப்சர்-பேன் -பிஎஸ் - > பில்ட்.டெக்ஸ்ட்

இங்கே பி ப்ரிண்டின் சிறிய எழுத்து, எஸ் ஸ்டார்ட்டின் பெரிய எழுத்து. அடுத்த தனி ஹைஃபன் 'தொடக்கத்திலிருந்து' என்று பொருள்படும். பிழை வந்ததைத் திரையைப் படம் பிடித்து அனுப்புவதைவிட இந்த ஃபைலை அனுப்பினால் பார்ப்பவர் தேடிப் படிக்கலாம்.

தமிழ் வாடிக்கையாளர் பெயர்கள், தமிழ்ச் செய்திகள் வரும் லாகை டிமக்ஸுக்குள் பார்க்கும்போது எழுத்துக்குப் பதில் அடிக்கோடு அடிக்கோடாக வந்தால் தரவு கெட்டுவிடவில்லை. சர்வரின் லொகேல் (மொழி, எழுத்து அமைப்பு) யூடிஎஃப்-8 இல்லை, அதனால் டிமக்ஸ் ஆங்கிலமல்லாத எழுத்தை அடிக்கோடாக மாற்றுகிறது. வெளியே வந்து 'டிமக்ஸ் -யூ அட்டாச்' என்று நுழைந்தால் எழுத்து வரும். நிரந்தரத் தீர்வு, ஷெல்லின் தொடக்க ஃபைலில் 'லாங்' மாறிக்கு ஒரு யூடிஎஃப்-8 லொகேலை வைப்பது.

காலையில் ஒரே கட்டளை

தினமும் அதே நான்கு விண்டோவைத் திறப்பவர்கள் அதை ஸ்கிரிப்ட் ஆக்கிவிடலாம். வரிசை இது:

டிமக்ஸ் நியூ -டி -எஸ் பில்லிங் -என் எடிட்
டிமக்ஸ் நியூ-விண்டோ -டி பில்லிங் -என் லாக்
டிமக்ஸ் செண்ட்-கீஸ் -டி பில்லிங்:லாக் 'டெயில் -பெரிய எஃப் ஆப்.லாக்' என்டர்
டிமக்ஸ் அட்டாச் -டி பில்லிங்

முதல் வரியின் -டி டிடாச்சுடையது: செஷனைப் பின்னணியில் உண்டாக்கு, உள்ளே போகாதே. மற்ற மூன்று வரிகளிலும் உள்ளது டார்கெட்டுடையது. இரண்டும் வேறு எழுத்துகள். மாற்றித் தட்டினால் ஸ்கிரிப்ட் முதல் வரியிலேயே செஷனுக்குள் போய் நின்றுவிடும், அல்லது 'கான்ட் ஃபைண்ட்' என்று பிழை வரும். மூன்றாம் வரியின் கடைசிச் சொல் 'என்டர்' மேற்கோளுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே போனால் அது விசையாக இல்லாமல் எழுத்தாகத் தட்டப்படும், கட்டளையும் ஓடாது. டெயிலுக்குப் பெரிய எஃப் கொடுக்கக் காரணம், நள்ளிரவில் லாக் ஃபைல் பெயர் மாற்றப்பட்டுப் புதிது பிறந்தாலும் அது புதியதையே பின்தொடரும்.

முடிந்ததா என்று எட்டிப் பார்க்காமல்

நீண்ட வேலை ஓடும் விண்டோவில் முன்விசை, முக்காற்புள்ளி, பிறகு 'செட்டபிள்யூ மானிட்டர்-சைலன்ஸ் 60'. 60 வினாடி எந்த வரியும் வராவிட்டால் கீழ்ப்பட்டையில் அந்த விண்டோவின் பெயரருகே ~ தோன்றும். பில்ட் முடிந்தது, அல்லது தொங்குகிறது. இரண்டில் எதுவானாலும் போய்ப் பார்க்க வேண்டிய நேரம். வேலை முடிந்தவுடன் தெரிய வேண்டுமானால், கட்டளையின் கடைசியில் அரைப்புள்ளி வைத்து 'டிபுட் பெல்' (பெல்லில் ஒரே எல்) சேர்க்கவும். மணி அடித்த விண்டோவுக்கு ! குறி விழும். பட்டையில் * இருப்பது நிற்கும் விண்டோ, - இருப்பது முந்தையது, பெரிய இசட் இருந்தால் அங்கே ஒரு கட்டம் ஜூமில் இருக்கிறது.

ஒரே கட்டளையைப் பல சர்வரில் ஓட்ட, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சர்வருக்கு எஸ்எஸ்எச் செய்துகொண்டு 'செட்டபிள்யூ சிங்க்ரனைஸ்-பேன்ஸ் ஆன்' என்று தட்டினால், ஒன்றில் தட்டுவது எல்லாவற்றிலும் விழும். பதிப்பு எண் பார்க்க, டிஸ்க் இடம் பார்க்க இது அருமை. அழிக்கும் கட்டளை, ரீஸ்டார்ட் கட்டளை எதையும் இந்த நிலையில் தட்டக் கூடாது. ஒரு கட்டம் மட்டும் வேறு டைரக்டரியில் நின்றிருந்தால் சேதம் அங்கே நடந்துவிடும். வேலை முடிந்த கையோடு ஆஃப் செய்யவும்.

கெட்டுப்போகும் இடங்கள்

திரையின் ஒரு பகுதி மட்டும் தெரிந்து, மிச்சமெல்லாம் புள்ளி புள்ளியாக நிரம்பியிருந்தால்: வீட்டிலோ ஆஃபீஸிலோ சின்னத் திரையில் இதே செஷன் இன்னும் திறந்திருக்கிறது, விண்டோ அதன் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அட்டாச் கட்டளையோடு டிடாச்சின் -டி சேர்த்து நுழைந்தால் மற்றவை கழன்றுவிடும்.

லேப்டாப்பில் ஒரு டிமக்ஸ், சர்வருக்குள் இன்னொன்று என்றால் முன்விசை வெளியே உள்ளதற்கே போகும். இரண்டுக்கும் வேறு முன்விசை வைப்பது சுகம். ஒன்றே என்றால் உள்ளே உள்ளதற்கு முன்விசையை இரண்டு முறை அழுத்த வேண்டும்.

மறுபடி அட்டாச் ஆனபின் கிட் புஷ் 'பெர்மிஷன் டினைட்' என்கிறதா? எஸ்எஸ்எச் ஏஜெண்ட் ஃபார்வர்டிங் (லேப்டாப்பில் உள்ள சாவியையே சர்வரிலிருந்தும் பயன்படுத்தும் வசதி) வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம் வரும். பழைய கட்டத்தின் ஷெல், அறுந்துபோன இணைப்பின் சாக்கெட் முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கிறது. புது விண்டோ திறந்தால் அதில் சரியாக இருக்கும், ஏனென்றால் அட்டாச் ஆகும்போது டிமக்ஸ் புது முகவரியை வாங்கிக்கொள்கிறது. பழைய கட்டத்திலேயே சரிசெய்ய:

எவால் "$(டிமக்ஸ் ஷோ-என்விரான்மெண்ட் -எஸ் எஸ்எஸ்எச்_ஆத்_சாக்)"

கடைசிச் சொல் முழுதும் பெரிய எழுத்து. பலர் ரூட் அனுமதி வைத்திருக்கும் சர்வரில் ஏஜெண்டை ஃபார்வர்ட் செய்யாமல் இருப்பதே மேல். ரூட் உள்ளவர் அந்த சாக்கெட் வழியாக உங்கள் சாவியைப் பயன்படுத்த முடியும்.

டிடாச் செய்து லாகவுட் ஆனதும் செஷனே காணாமல் போகிறது என்றால், லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியைச் சந்தேகிக்கவும். 2016இல் வந்த அதன் 230ஆம் பதிப்பு, லாகவுட் ஆகும் யூசரின் நிரல்களை எல்லாம் கொல்வதை வழக்கமாக்கியது. பல வினியோகங்கள் அதை அணைத்தே தருகின்றன, சில நிர்வாகிகள் திரும்ப ஏற்றியிருப்பார்கள். லாகின்டி.கான்ஃப் ஃபைலில் 'கில்யூசர்ப்ராசஸஸ்' வரியைப் பாருங்கள். அதை மாற்ற அனுமதி இல்லாதவர் 'லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்' கொடுத்துவிட்டு, 'சிஸ்டம்டி-ரன் --ஸ்கோப் --யூசர் டிமக்ஸ்' என்று தொடங்கலாம்.

டிமக்ஸ் ஓடுவது ப்ராசஸ் பட்டியலில் தெரிகிறது, ஆனால் அட்டாச் செய்தால் சர்வரே இல்லை என்கிறதா? டெம்ப் டைரக்டரியைத் துப்புரவு செய்யும் நிரல் அதன் சாக்கெட்டை அழித்திருக்கும். உள்ளே வேலை உயிரோடுதான் இருக்கிறது. பிஎஸ் கட்டளையால் டிமக்ஸ் சர்வரின் ப்ராசஸ் எண்ணைக் கண்டுபிடித்து, அந்த எண்ணுக்கு 'கில் -யூஎஸ்ஆர்1' அனுப்புங்கள். சாக்கெட்டை அது மறுபடி உண்டாக்கும். -யூஎஸ்ஆர்1 விட்டுப்போனால் வெறும் கில், எல்லாம் சாகும், நிதானமாகத் தட்டவும்.

டிமக்ஸ் இல்லாமல் தொடங்கிவிட்ட வேலையையும் உள்ளே கொண்டுவர வழி உண்டு. கண்ட்ரோல்-இசட், 'பிஜி', 'டிஸ்ஓன்' என்று வரிசையாகச் செய்து, டிமக்ஸுக்குள் போய் 'ரெப்டைர்' என்ற கருவிக்கு ப்ராசஸ் எண்ணைக் கொடுக்க வேண்டும். உபுண்டுவின் பாதுகாப்பு அமைப்பு இதைச் சாதாரண யூசருக்குத் தடுக்கும், சூடோ தேவைப்படும். திரையை முழுதும் ஆளும் நிரல்களில் காட்சி அலங்கோலமாகலாம்.

சர்வர் ரீபூட் ஆனால் டிமக்ஸாலும் காப்பாற்ற முடியாது. டிமக்ஸ்-ரிசரக்ட் என்ற துணைக்கருவி விண்டோக்களின் பெயரையும் அடுக்கையும் சேமித்துத் திருப்பித் தரும். ஓடிக்கொண்டிருந்த பில்டைத் தராது.

லேப்டாப்பின் சொந்த விண்டோக்கள்

பிரவுசர், எடிட்டர், டெர்மினல் என்று லினக்ஸ் லேப்டாப்பில் குவிந்த விண்டோக்களையும் கட்டளையால் அழைக்கலாம். கருவியின் பெயர் ஆறெழுத்து: டபிள்யூ, எம், சி, டிஆர்எல். கண்ட்ரோல் என்பதன் சுருக்கம் வால்போல ஒட்டியிருக்கும். -எல் திறந்திருப்பவற்றைப் பட்டியலிடும். -ஏ கொடுத்துத் தலைப்பின் ஒரு துண்டைத் தட்டினால் அந்த விண்டோ முன்னால் வரும். -சி கொடுத்தால் நாகரிகமாக மூடச் சொல்லும், சேமிக்காத ஃபைல் இருந்தால் அந்த நிரல் கேட்கும். -ஆர் தலைப்பு -டி 1 (இங்கும் -டி டார்கெட்டின் முதலெழுத்து) என்றால் இரண்டாவது டெஸ்க்டாப்புக்கு நகர்த்தும், எண் 0இல் தொடங்குவதால்.

இது எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில் மட்டும் ஒழுங்காக வேலை செய்யும். உபுண்டு 21.04இலிருந்து அதற்குப் பதில் வந்த வேலண்டே வழக்கமாகிவிட்டது. அதில் இந்தக் கருவிக்குப் பெரும்பாலான விண்டோக்கள் கண்ணில் படாது. 'எக்கோ $எக்ஸ்டிஜி_செஷன்_டைப்' என்று பெரிய எழுத்துகளில் கேட்டால் எதில் இருக்கிறீர்கள் என்று சொல்லும். வேலண்ட் என்று வந்தால், லாகின் திரையில் கியர் சின்னத்தை அழுத்தி எக்ஸ்11 செஷனைத் தேர்ந்து நுழைய வேண்டும். அந்தத் தேர்வே இல்லாத புதிய பதிப்புகளில் டெஸ்க்டாப்பின் சொந்தக் குறுக்குவிசைகளைப் பயன்படுத்துங்கள்.